இலங்கையில் பத்து நாள்: ஒரு 077 நம்பர் செய்த வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கைக்குப் போகிறவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும், வெளியே வரும் வழியிலேயே இருக்கும் கவுண்டரில் அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கிப் போனில் போட்டுவிடுங்கள். ரோமிங் (நம்ம சிம்மையே அங்கேயும் ஓட்டுவது), இ-சிம் (அட்டை இல்லாமல் க்யூஆர் கோடு மூலம் போனில் ஏற்றுவது), லோக்கல் சிம் மூன்றையும் விசாரித்து, அதில் இரண்டுக்குக் காசும் கொடுத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன். நான் வாங்கியது டயலாக் என்ற அந்த ஊர் கம்பெனியின் சிம். அம்பாசமுத்திரத்தில் தெரிந்தவர் யார் கிளம்பினாலும் இப்போது இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

நாங்கள் போனது 2025 பொங்கலுக்கு. நான், வீட்டில், மகள், மூன்று பேர். போன காரணத்தைச் சொன்னால்தான் போன் ஏன் இவ்வளவு முக்கியமானது என்று புரியும். என் ஆச்சி, அப்பாவைப் பெற்றவள், பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது இல்லையா, அந்தக் கணக்கில் 1972-ல் பதினேழு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கியவள். அவளுடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். தம்பி மகன், எனக்கு மாமா முறை, இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். ஆச்சிக்கு இப்போது முழங்கால் மடங்காது, விமானம் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நீ போய்க் காட்டுய்யா, நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன்" என்றாள். அதனால் எனக்கு வேண்டியிருந்தது ரீல்ஸ் பார்க்க டேட்டா இல்லை. மலைக்கு நடுவில் இருக்கும் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நின்றுகொண்டு, அம்பாசமுத்திரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்கு முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி வீடியோ கால் போட வேண்டும். அவ்வளவுதான்.

ரோமிங்கை முதலில் விசாரித்தேன். பத்து நாளுக்கு, மூன்று போனுக்கு என்று கூட்டிப் பார்த்தபோது அந்தப் பணத்துக்கு மலைநாட்டு டவுனான ஹட்டனில் நல்ல ரூமே போட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ரோமிங்கில் இருக்கும்போது பொதுவாக நம் டேட்டா அங்கிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. நம் கம்பெனி வழியாக இந்தியாவுக்கு வந்து, அப்புறம்தான் வெளியே போகும். வாட்ஸ்அப் செய்திக்கு இது பெரிதில்லை, வீடியோவுக்குச் சில நேரம் தெரியும்.

அடுத்து இ-சிம். ஊரில் இருக்கும்போதே ஒரு ஆப்பில் வாங்கினேன். பெயர் வேண்டாம். க்யூஆர் கோடு வந்தது, ஸ்கேன் செய்தேன், இனி கவலை இல்லை என்று மதுரையில் விமானம் ஏறினேன். மதுரையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான், நம்ம ஊரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது. இறங்கியதும் இ-சிம் இணைப்பு எடுக்கவில்லை. இ-சிம் லைனுக்கும் டேட்டா ரோமிங்கை ஆன் செய்ய வேண்டும் என்பதை ஆப்பில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருந்தார்கள், அதைத் தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் போனது. இணைப்பு வந்த பிறகு என் பேங்க் ஆப் திறக்க மறுத்தது. இப்படிப்பட்ட பயண இ-சிம்கள் பலவற்றில் டேட்டா மூன்றாவது ஏதோ ஒரு நாட்டின் வழியாகத்தான் வெளியேறும். நான் நிற்பது இலங்கை, சிம் இந்தியா, இணையத்துக்குத் தெரிவது வேறொரு நாடு என்றால் பேங்க் சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

ஆனால் இ-சிம்மில் எனக்குப் பட்ட உண்மையான குறை இது எதுவும் இல்லை. அதில் நம்பரே கிடையாது. டேட்டா மட்டும். கொழும்பில் பிக்மீ ஆப்பில் ஆட்டோ போட்டால், டிரைவர் "எங்க நிக்கிறீங்க" என்று கேட்க என் இந்திய நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும், நான் எடுத்தால் எனக்கு நிமிடத்துக்குக் காசு. மாமா ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப் போக வேண்டும், அவருடைய போனில் வெளிநாட்டுக்கு அடிக்கப் பணம் இல்லை, அந்த நேரம் அவர் வாட்ஸ்அப்பிலும் இல்லை. சொந்தக்காரர்கள் இருக்கும் ஊருக்குப் போகிறவனுக்கு டேட்டா பாதி உதவிதான். அவர்கள் யோசிக்காமல் அடிக்கிற மாதிரி ஒரு நம்பர் வேண்டும். இதை நான் இரண்டாவது நாள்தான் உணர்ந்தேன்.

அதனால் கொழும்பு கோட்டை பக்கத்தில் ஒரு கடையில் டயலாக் சுற்றுலா சிம் வாங்கினேன். விமான நிலையத்திலேயே வாங்கியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். பாஸ்போர்ட் கேட்டார்கள், பதிவு செய்தார்கள், பத்து நிமிடத்துக்குள் சிம் உயிர் பெற்றுவிட்டது. டேட்டாவோடு உள்ளூர் அழைப்புக்கும் சேர்த்து, நம்ம பணத்தில் எழுநூறு ரூபாய்க்கு உள்ளேயே முடிந்தது (அப்போது நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ மூன்றரை ரூபாய்). விலையும் பேக்கும் மாறிக்கொண்டே இருக்கும், போகிற அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். மொபைல் சேவைக்கு இப்போது அங்கே டயலாக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என்று மூன்று கம்பெனிதான். ஏர்டெல் லங்கா 2024-ல் டயலாக்கோடு சேர்ந்துவிட்டது. நான் டயலாக்கை எடுத்ததற்குக் காரணம் எளிது, மாமா வீட்டில் எல்லாருக்கும் 077-ல் தொடங்கும் டயலாக் நம்பர். அந்தத் தோட்டத்தில் எது எடுக்கும் என்று அங்கே குடியிருப்பவரை விட யாருக்குத் தெரியும்? நீங்களும் இதே மாதிரிச் செய்யுங்கள். போகிற இடத்தில் ஆள் இருந்தால் அவர் என்ன சிம் வைத்திருக்கிறார் என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், வாடிக்கையாளர் சேவையில் தமிழ் இருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் எது வேண்டும் என்று கேட்கும். தமிழை அழுத்தினேன், ஒரு பெண் பேசினாள், யாழ்ப்பாணப் பேச்சு. "உங்கட டேட்டா இன்னும் இருக்குது அண்ணா" என்று சொன்னபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வெளிநாட்டில் ஒரு சேவைக்கு நம் மொழியில் பேசி வேலை முடிப்பது சின்ன விஷயம் இல்லை.

சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ரீசார்ஜ் என்று கேட்டாலும் புரியும், ஆனால் அங்கே அது 'ரீலோட்'. சிக்னல் என்பதை 'கவரேஜ்' என்பார்கள். ரீலோட் போடும் சின்னக் கடைக்குப் பெயர் 'கொமியுனிகேஷன்', போட்டோகாபி, போன் கவர், பிஸ்கட் எல்லாம் அங்கேயே கிடைக்கும், எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒன்று இருக்கும். மாத்தறையில் அப்படி ஒரு கடையில் கூடுதல் டேட்டா வாங்கப் போனபோது அங்கிருந்த அக்கா எடுத்ததும் கேட்டது, "எனிடைமா, நைட்டா?" அங்கே பல பேக்குகளில் டேட்டாவை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பங்கு எந்த நேரமும் ஓடும், இன்னொரு பங்கு நள்ளிரவுக்கு மேல் மட்டும். போட்டிருக்கும் மொத்த ஜிபியை மட்டும் பார்த்து வாங்கினால் பகலில் உங்களுக்குக் கிடைப்பது பாதியாக இருக்கலாம். முழுக்க எனிடைம் என்று சொல்லி வாங்கினேன். அந்த அக்காவுக்கு நன்றி.

இனி மலை. நம்ம பக்கம் மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறியவர்களுக்குத் தெரியும், வளைவு ஏற ஏற போன் ஊமையாகிவிடும். அதே பயத்தோடுதான் ஹட்டனில் இறங்கினேன். ஹட்டன் டவுனில் வேகம் நன்றாக இருந்தது. பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் சிக்னல் கோடுகள் ஏறி இறங்கின, ஆனால் முழுக்க அறுந்துபோனது கொஞ்ச இடங்களில்தான். மலையில் இது கம்பெனியின் குற்றம் இல்லை, அலை நேராகப் போகிற பொருள், நடுவில் ஒரு மேடு நின்றால் அந்தப் பக்கம் நிழல் விழும். லயம் பள்ளத்தில் இருக்கிறது, டவர் எதிர் மலையில். காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள், ஒரு கோடு, வாசலில் இரண்டு, மாரியம்மன் கோயில் படியில் ஏறினால் நிறைய. மாமா சிரித்துக்கொண்டே சொன்னார், "எல்லாரும் கோயில் படியிலதான் பேசுவாங்க."

ஜனவரி 13 அங்கே போயா, பௌர்ணமி விடுமுறை. மறுநாள் தைப்பொங்கல், அதற்கும் விடுமுறை. தோட்டமே வீட்டில் இருந்தது. பொங்கல் அன்று காலையில் பானை பொங்குகிற நேரம் பார்த்துக் கோயில் படியில் நின்று கால் போட்டேன். ஆச்சி எடுத்தாள். முகத்தைப் போனுக்கு மிக அருகில் வைத்திருந்ததால் எனக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. நான் கேமராவைத் திருப்பினேன். தேயிலைச் சரிவு, கீழே வரிசையாகத் தகரக் கூரைகள், நடுவில் ஒரு கல் படிக்கட்டு. அவள் எதுவும் பேசவில்லை, இணைப்பு நின்றுவிட்டதோ என்று போனை இரண்டு முறை பார்த்தேன். அப்புறம் குரல் வந்தது. "அந்தப் பீலி இன்னும் இருக்கா?" மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் இடத்தை அப்படித்தான் சொல்வார்களாம், எனக்குத் தெரியாது, மாமாதான் கூட்டிப் போனார். போனைக் கையில் பிடித்தபடி இறங்கினேன். கோடு இரண்டாகி, ஒன்றாகி, படம் கட்டம் கட்டமாக உடைந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. பீலித் தண்ணீர் விழும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நாற்பது நிமிடம் பேசினோம். அவளோடு கொழுந்து எடுத்த ஒரு பாட்டி அடுத்த லயத்தில் இருந்தார், இருவரும் ஐம்பத்து மூன்று வருடம் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய எதுவும் இதைப் போல எனக்கு உதவியதில்லை.

நானுஓயாவிலிருந்து 'எல்ல' என்ற மலை ஊருக்குப் போகும் ரயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பட்டிப்பொல ஸ்டேஷன் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் நாற்பதுக்கும் மேல் சுரங்கம். உள்ளே போகும்போதெல்லாம் போன் டவரைத் தொலைத்து, வெளியே வந்ததும் மறுபடி தேடும். இந்தத் தேடலில்தான் சார்ஜ் அதிகம் குறைகிறது. மகள் போன் எல்ல வருவதற்குள் அணைந்துவிட்டது. என் போனை ஃபிளைட் மோடில் வைத்திருந்தேன், வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் இருந்தது. மேப்பை ஹட்டனிலேயே ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தோம், ரூமைக் கண்டுபிடிக்க அது போதும். பவர் பேங்க் கட்டாயம். அங்கே பல இடங்களில் பிளக் மூன்று தட்டைக் கால் உள்ளது, நம்ம உருண்டைக் கால் சார்ஜர் ஏறாது, ஒரு அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி, மாத்தறை, கடற்கரை ஓரம் முழுக்கக் கவரேஜ் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எங்கள் ஊரில் இருப்பது போலவே ஓடியது.

இந்திய சிம்மை மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு சிம் போன் இருந்தால் அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு சிம்மை அப்படியே வைத்திருங்கள். பேங்க் ஓடிபி அதில்தான் வரும், வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு எனக்குக் காசு பிடிக்கவில்லை. ஆனால் சர்வதேச ரோமிங் வசதியை ஊரிலேயே கேட்டு இயக்கி வைக்க வேண்டும், அங்கே போய் முடியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் ஓடுகிறது, அதற்கும் அந்த சிம் போனில் இருக்க வேண்டும், ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே ஆன் செய்ய வேண்டும். காலியில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து கொடுத்தேன், சரியாகப் போனது. தோட்டப் பக்கம் கையில் பணம் வைத்திருங்கள்.

மூன்று பேருக்கும் மூன்று சிம் தேவைப்படவில்லை. ஒரு சிம், ஹாட்ஸ்பாட், போதும். பிரிந்து சுற்றுகிறவர்கள் இரண்டு வாங்கலாம்.

அந்த சிம் இப்போது காலாவதி ஆகிவிட்டது. ஆச்சி போனில் மாமாவின் 077 நம்பரை என் மகள் 'தோட்டம்' என்று பதிந்து கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிட்டால் ஆச்சி எங்கள் யார் போனையும் எடுப்பதில்லை, அந்த நேரம் மாமா கோயில் படியில் இருப்பார்.