காகிதமா, பழைய கட்டடமா, பொறியாளரா: பில்டரை எதை வைத்து எடைபோடுவது?

புது வீடு வாங்கும்முன் பில்டரை விசாரிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. அவருடைய காகிதங்களைப் பார்க்கலாம், அவர் முன்பு கட்டிய கட்டடத்துக்குப் போய் வரலாம், சொந்தச் செலவில் ஒரு பொறியாளரை வைத்துச் சோதிக்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் பழைய கட்டடத்துக்குத்தான் போவேன்.

காகிதம் பார்க்க அதிகம் செலவாகாது. உரிமம், கட்டட அனுமதி, நிலத்தின் மேல் கடன், நடக்கும் வழக்கு எல்லாம் இதில்தான் தெரியவரும். பலர் கோட்டைவிடுவது பெயரில். பலகையில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் கம்பெனி தொடங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். விளம்பரத்தில் 20 வருட அனுபவம் என்று இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடும் கம்பெனி போன வருடம் பதிவானதாக இருக்கும். அதை இழுத்து மூடிவிட்டால் பழுதுக்கு யாரிடம் போய் நிற்பது? தாய் நிறுவனமும் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கப் பாருங்கள்.

சரி, சுவரில் ஓதம் ஏறுமா என்று காகிதம் சொல்லாது. அதற்கு, ஒப்படைத்து ஐந்தாறு வருடம் ஆன கட்டடத்துக்குப் போங்கள், மழைக்கு மறுநாள் என்றால் இன்னும் நல்லது. கட்டமைப்புக் குறைகளுக்கு பில்டர் பொறுப்பேற்க வேண்டிய காலம் இந்தியச் சட்டத்தில் 5 ஆண்டு, பிரான்சில் 10 ஆண்டு. அந்தப் பொறுப்பை அவர் எப்படி நிறைவேற்றினார் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். பில்டர் கூட்டிப்போகும் வீட்டுக்குப் போகாமல் நீங்களே போங்கள். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்று வீட்டில் அதே இடத்தில் இருந்தால் அது அவர் வேலை செய்யும் விதம். குடியிருப்பவரிடம் “வீடு எப்படி?” என்று கேட்காதீர்கள், சொந்த வீட்டைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. “சாவி வாங்கின பிறகு எதுக்காவது கூப்பிட்டீங்களா? எத்தனை நாள்ல வந்தாங்க?” என்று கேளுங்கள்.

பொறியாளர் சொல்வது நீங்கள் வாங்கப்போகும் வீட்டைப் பற்றி மட்டும்தான். பில்டரின் குணத்தை அவரால் சொல்ல முடியாது. ஆனால் பூச்சில் ஓடும் மயிரிழை விரிசலையும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலையும் பிரித்துப் பார்க்க அவர் கண் வேண்டும். ரசமட்டம் வைப்பார், டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம் குளியலறை வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்தின் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பில்டர் சிபாரிசு செய்யும் பொறியாளர் வேண்டாம். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு குறையையும் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று பில்டரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.