கடைக்கு ஆள்: கைத்திறனா, ஆர்வமா?

சிங்கப்பூரின் தேக்காவில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: அனுபவமுள்ள பரோட்டா மாஸ்டரா, ஆசையோடு வரும் புதியவரா?

சம்பளம்: மாஸ்டருக்கு முதல் நாளிலிருந்தே அதிகம். புதியவருக்குக் குறைவு, ஆனால் வீணாகும் மாவும் சொல்லித்தருபவரின் நேரமும் செலவுதான்.

பழகும் காலம்: மாஸ்டர் அன்றே கல்லில் நிற்பார். புதியவர் வீசினால் ஓரம் தடித்து நடுவில் கிழியும். எங்கள் கடைத் தம்பிக்கு அது சரியாக வர இரண்டு மாதம் ஆனது. கடை மூடிய பிறகும் ஈரத்துணியை வீசிப் பழகுவான். இந்த ஆர்வம் நேர்முகத்தில் தெரியாது; “வேலை பிடிக்குமா?” என்றால் எல்லாரும் பிடிக்கும் என்பார்கள். கூலி கொடுத்து அரை நாள் அடுப்படியில் நிறுத்திப் பாருங்கள்.

சான்றிதழ்: வித்தியாசமில்லை. உணவைக் கையாளும் இருவருமே முதல் நிலை உணவுப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி, சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிய வேண்டும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறதா? மாஸ்டரையே எடுங்கள். தனியாளாகக் கடை நடத்துபவருக்கும் அவர்தான் சரி. ஏற்கெனவே ஒரு மாஸ்டர் இருந்து, பொறுமையாகச் சொல்லித்தரவும் தயார் என்றால், என் ஓட்டு அந்தப் புதியவருக்கே.