ஸ்வேட் ஜாக்கெட்டை டிரை வாஷுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள் (நாகர்கோவில்காரர்கள் முக்கியமாக)

இப்போதுதான் கடையிலிருந்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. 22,000 ரூபாய் ஜாக்கெட்டை நாசம் பண்ணி, கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்வேட்டை, அதாவது மேலே மெல்லிய பூமயிர் உள்ள தோலை, எப்படிப் பராமரிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

தம்பி ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்காக வாங்கி வந்தது. மணல் நிறம். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அதை எப்போதும் போட முடியாது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போட்டேன். ஸ்வேட்டுக்கு மேட்சிங் தேடி அலைய வேண்டியதில்லை, வெள்ளைச் சட்டையும் கருநீல ஜீன்ஸும் போதும், அந்தத் தோலின் நிறமே எடுத்துக் காட்டும். அன்றைக்கு அக்கா மகள் முந்திரிக்கொத்து தின்ற கையோடு ஓடி வந்து கையைப் பிடித்ததில், ஸ்லீவில் எண்ணெய்க் கறை. குழந்தை, அவளை என்ன சொல்ல?

நாகர்கோவிலில் பெரிய போர்டு வைத்த ஒரு டிரை வாஷ் கடை. பெயர் போடவில்லை. கவுண்டரில் இருந்தவர் ஜாக்கெட்டை விரித்து, கட்டைவிரலால் ஒரு பக்கம் தேய்த்துக் கருக்க வைத்தார், எதிர்ப்பக்கம் தேய்த்து வெளுக்க வைத்தார். "ஆட்டுத்தோல்லா இது, பாத்தாலே தெரியும். தோலுக்குன்னு தனி கெமிக்கல் இருக்குண்ணே, தண்ணியே படாது. திருவனந்தபுரத்துல இருந்தெல்லாம் நமக்கு வருது, தைரியமா வச்சிட்டுப் போங்க." தொழில் தெரிந்தவர் பேசும் பேச்சு அது. யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். 850 ரூபாய் முழுசும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். பில்லில் எழுதியது "கோட் – 1".

இன்று கவரைப் பிரித்தால் ஜாக்கெட் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது. தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். தோலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை அதில் போய்விடும், காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சூடான அயர்ன் பாக்ஸ் வேறு! மார்புப் பக்கம் பூமயிர் நசுங்கி, அயர்ன் பாக்ஸின் கூர்முனை அப்படியே பளபளவென்று பதிந்திருக்கிறது. ஸ்லீவ் சுருங்கி மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. எண்ணெய்க் கறை? அது மட்டும் இன்னும் கருப்பாக, பத்திரமாக இருக்கிறது.

கேட்டால் அதே ஆள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவ போட்டா லூஸாயிரும்" என்றார். விடாமல் கேட்டதும், "தோல் சாமானெல்லாம் வெளிய குடுத்துதான் செய்யோம், அவன்கிட்டதான் கேக்கணும்." அந்த வெளி ஆளின் நம்பர் தர மாட்டாராம். ஓனர் எங்கே என்றால் வெளியூர். ஓனர் நம்பருக்கு அடித்தால் ஒரு தடவை எடுத்து, "பில்லுக்குப் பின்னால படிச்சுப் பாருங்க சார்" என்று வைத்துவிட்டார். பின்னால் பொடி எழுத்தில்: சுருங்கினாலோ சாயம் போனாலோ நிர்வாகம் பொறுப்பல்ல. கடைசியில் இரக்கப்பட்டுச் சொல்வது போல, "அடுத்த வாஷ் ஃப்ரீயா பண்ணித் தாறோம்." 22,000 ரூபாய் போயிருக்கிறது, இவர் ஃப்ரீ வாஷ் தருகிறார்! தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

விடப் போவதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு பண்ணப் போகிறேன். அப்புறம் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் கொடுக்கலாம்.

பராமரிப்பு விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டால் உடனே கார்ன்ஃப்ளார் தூவி ராத்திரி முழுக்க விட்டு, ஸ்வேட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தண்ணீர், அயர்ன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள நம்ம மாவட்டத்தில் பூசணம் பிடித்துவிடும், பழைய காட்டன் தலையணை உறை போதும். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேலை எங்கே நடக்கும் என்று கேளுங்கள். பில்லில் "ஸ்வேட் தோல்" என்றும் விலையையும் எழுத வையுங்கள், அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.