நிறுத்திப் பேசுகிறவர்களுக்கு ஒரு புரொஜெக்டர்: பள்ளத்தூர் வளவில் மூன்றாண்டு அனுபவம்

கையடக்க எல்.இ.டி. புரொஜெக்டர் வாங்கலாமா என்று விசாரித்தால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை கிரிக்கெட் பார்ப்பவர்களும் புதுப் படம் பார்ப்பவர்களும் சொன்னவை. எவ்வளவு வெளிச்சம், எத்தனை அங்குலம், ஒலி எப்படி அதிர்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். 1970களுக்குப் பிறகு வந்த படம் என்று தெரிந்தால் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவதுபோல் எழுந்து போய்விடுவார்கள். படம் பார்க்க வருவதாகத்தான் பெயர். உண்மையில் படத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பேச வருகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு மூன்றாண்டுக்கு மேல் உழைத்த கருவியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கம்பெனிப் பெயர் வேண்டாம். ஒரே உடலுக்கு வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பல பெயர்களில் விற்கிறார்கள். விலை பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே.

வெளிச்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஒன்பதாயிரம் லூமென் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. கேட்க வேண்டியது ஆன்சி லூமென், அதாவது பொது அளவுமுறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்பது. இந்த விலையில் அது சில நூறுகளைத் தாண்டாது. அதேபோல ‘4கே ஆதரவு’ என்றால் 4கே கோப்பைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள். திரையில் விழுவது கருவியின் சொந்தத் துல்லியம்தான். 1950களின் படங்கள் இன்று கிடைக்கும் பிரதிகளுக்கு அதுவே தாராளம்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். முகப்பைத் தாண்டினால் வானம் தெரியும் வளவு, சுற்றிலும் மரத்தூண்கள், தூண்களை ஒட்டித் தாழ்வாரம். கோடையில் ஏழு மணி ஆகாமல் திரையில் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் சீடையும் தேன்குழலும் தீர்ந்துவிடுகின்றன என்பதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை சுவர். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, நூறு ஆண்டு ஆகியும் பளபளக்கிறது. ஊரார் மெச்சும் அந்தப் பளபளப்பே படத்துக்கு எதிரி. நேரே ஒளியைப் பாய்ச்சினால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் நின்றுவிடும், கதாநாயகியின் முகம் அதற்குள் போனால் மூக்கு மறைந்துவிடும். எட்டு முழ வேட்டியை இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிப் பார்த்தோம். பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, எல்லோரும் இடக்கையால் கத்தி வீசும் சண்டையை ரசித்தார்கள். கடைசியில் மினுமினுப்பு இல்லாத வெள்ளைத் திரைத்துணி ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் புரொஜெக்டர் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய படம் பார்ப்பவர்களுக்கு வெளிச்சத்தைவிட முக்கியமானது படத்தின் வடிவம். 1950கள் வரை வந்த தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற சதுரப் பாங்கில் எடுக்கப்பட்டவை. இன்று கிடைக்கும் பிரதிகளில் பலவற்றை அகலத் திரைக்காக இழுத்துவிட்டிருக்கிறார்கள். டி.ஆர். மகாலிங்கம் பயில்வான்போல் வந்து நின்று உச்சஸ்தாயியில் பாடுவார். எங்கள் கருவியில் வடிவத்தை 4:3 என்று மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் மெனுவில் ஐந்தாறு படி உள்ளே ஒளிந்திருக்கிறது. கருவியை அணைத்தால் மறந்தும்விடுகிறது. கடையில் வாங்கும்போதே இதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) போன்றவற்றுக்கு நேர்மாறான சிக்கல்: மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழு அகலத்தையும் காட்ட வேண்டும். எங்கள் கருவி இதைத் தானாகவே சரியாகச் செய்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நீலச் சாயல் வரும். வண்ண அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் போய்விடும். இதைக் கண்டுபிடித்தது காரைக்குடியில் செல்போன் பழுது பார்க்கும் பையன், நானில்லை.

இனி நிறுத்தும் பொத்தான். எந்த விளம்பரத்திலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பொத்தானை அழுத்தியதும் படம் உறைய வேண்டும், உறைந்த படம் தெளிவாக இருக்க வேண்டும், அரை மணி நேரம் அப்படியே நின்றாலும் கருவி ‘யாரும் இல்லை’ என்று முடிவு கட்டித் தூங்கிவிடக் கூடாது. எங்கள் கருவி முதல் இரண்டிலும் தேறியது. மூன்றாவதில் பதினைந்து நிமிடத்தில் கண் மூடியது. தானாக அணையும் வசதியை நிறுத்திவைத்த பிறகு ஒழுங்காக இருக்கிறது.

அரை மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். ‘நாம் இருவர்’ போட்ட இரவைச் சொல்கிறேன். அதை எடுத்த ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். யுத்த காலத்தில் சென்னையில் வசதிப்படாமல் சொந்த ஊர்ப் பக்கமே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். அங்கே எடுத்த படம் 1947 பொங்கலுக்கு வெளிவந்தது. அதில் குமரி கமலா ஆட, டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதியாரின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ வரும். ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று பாடும் அந்தப் படம் திரைக்கு வந்தபோது சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது! அந்த இடத்தில் அம்மான் கையை உயர்த்தினார், நிறுத்தினேன். அவருடைய அப்பச்சி (அப்பா) ஸ்டூடியோவுக்குச் சாமான் கொண்டுபோன வண்டிகளைப் பார்த்தவராம். எந்த இடத்தில் கொட்டகை, எந்தப் பக்கம் வாசல் என்று ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விரலால் வரைந்து காட்டினார். பக்கத்து வீட்டு ஆச்சி வாசல் மறுபக்கம் என்றார். இருவருமே அந்த ஸ்டூடியோ ஓடிய காலத்தில் பிறக்கவில்லை. 1948இல் அது சென்னைக்குப் போய்விட்டது. ஆனாலும் வழக்கு லேசில் தீரவில்லை. கமலா ஒரு காலைத் தூக்கியபடி திரையில் காத்திருந்தார்.

ஒலியில் இந்தக் கருவிக்குப் பாஸ் மார்க் போட முடியாது. உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் படுக்கையறைக்குப் போதும். கல் தரையும் உயர்ந்த கூரையும் உள்ள வீட்டில் வசனம் நாலு பக்கமும் மோதித் திரும்பி வருகிறது. ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் எங்களுக்குள் மூன்று பேர் இருப்பதால் அந்தப் படம் தப்பித்தது, மற்றப் படங்களுக்குத் தனி ஸ்பீக்கர் இல்லாமல் முடியாது. அதைப் புளூடூத்தில் இணைத்தால் வாய் முதலில் அசைகிறது, சொல் கொஞ்சம் பிந்தி வருகிறது. புதுப் படத்தில் இது அவ்வளவாக உறுத்தாமல் போகலாம். சிவாஜி கணேசன் உதட்டைச் சுழித்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே உச்சரிக்கும் இடத்தில் சகிக்க முடியவில்லை.

இந்தக் குறைதான் எங்களுக்கு ஒரு நல்ல இரவைக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாயும் குரலும் பொருந்தவில்லை என்று யாரோ முணுமுணுக்க, அம்மான் ‘ஸ்ரீவள்ளி’ கதையை எடுத்தார். 1945இல் வந்த அந்தப் படத்தில் வள்ளியாக நடித்தவர் ருக்மணி, நடிகை லட்சுமியின் தாயார். அவர் பாடியது மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. படம் வெளியான பிறகு பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, அந்தக் குரலை ருக்மணியின் உதட்டசைவுக்குப் பொருத்தினார். பின்னணிப் பாடல் என்பது இன்னும் சகஜமாகாத காலம் அது. “அவர் எந்த வசதியும் இல்லாமல் பொருத்தினார், தம்பி, உன் டப்பாவால் முடியவில்லையா?” என்று அம்மான் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் எண்பது ரூபாய்க்கு ஓர் ஆடியோ ஒயர் வாங்கினேன். அன்றோடு அந்தக் குறை தீர்ந்தது. ஆகவே வாங்கும்போது ஒயர் சொருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். புது மாடல்கள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆண்டில் தூசி புகுந்தது. இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஒளி போகும் பாதை மூடப்பட்டிருப்பதில்லை. குளிர்விக்கும் விசிறி காற்றோடு தூசியையும் உறிஞ்சி உள்ளே இருக்கும் சிறிய திரையில் ஒட்டவைத்துவிடுகிறது. செம்மண் பூமியில் சீக்கிரமே நடக்கும். எங்களுக்கு இடப்பக்கம் மேலே, மிளகளவில் ஒரு கரும்புள்ளி. அது நகராது, நடிகர்கள்தான் அதற்குள் வந்து போவார்கள். ‘மாலையிட்ட மங்கை’ ஓடிக்கொண்டிருந்தபோது மனோரமா சரியாக அந்த இடத்தில் வந்து நிற்க, கன்னத்தில் ஒரு மச்சம் முளைத்தது. அப்பத்தா நிறுத்தச் சொன்னார். “பள்ளத்தூரில் வளர்ந்த பெண்ணின் முகம் எனக்குத் தெரியாதா? இந்த மச்சம் ஏது?” என்றார். மெஷினில் தூசி என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த காட்சியில் அதே மச்சம் ஓர் ஆணின் மீசைக்கு மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் சமாதானமானார்.

அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. 1958இல் அதைத் தயாரித்தவர் கண்ணதாசன். அவர் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கிருந்து கிட்டத்தில்தான். மனோரமாவுக்கு அதுதான் முதல் படம். காரைக்குடி ஸ்டூடியோ நாட்களில் கொடிகட்டிப் பறந்து பிறகு ஓய்ந்திருந்த டி.ஆர். மகாலிங்கத்தை ‘செந்தமிழ்த் தேன்மொழியாள்’ பாட்டு மறுபடி தூக்கி நிறுத்தியதும் அதில்தான். மூன்று பேருமே இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதால், ஒவ்வொருவர் தலை தெரியும்போதும் நிறுத்தச் சொல்கிறார்கள். இடைவேளையைத் தொடவே இரண்டு மாலை ஆகும்.

தூசிக்கு வருகிறேன். சர்வீஸ் சென்டரில் உள்பாகத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்குப் பாதிக் கருவி வாங்கிவிடலாம். அதே செல்போன் பையன் ஆறு திருகாணியைக் கழற்றி, சின்னக் காற்றூதியால் ஊதி, முந்நூறு ரூபாயில் முடித்துவிட்டான். இப்போது ஆண்டுக்கு ஒரு முறை அவனிடம் போகிறது. உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். திறந்தால் அது செல்லாது.

பெரிய சண்டை நடந்தது ஒரு முறைதான். அதற்கும் கருவிக்கும் நேரடிச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. 1959 மே மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணத்தில் வந்தது. அதே மாதம் மருது சகோதரர்களின் கதையைக் கறுப்பு வெள்ளையில் ‘சிவகங்கைச் சீமை’யாகக் கொண்டுவந்தார் கண்ணதாசன். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் போட்டேன். நாங்கள் இருப்பதோ சிவகங்கை மாவட்டம்! ஊர்ப் படம் நிற்காமல் போனதற்குச் சிவாஜி காரணமா, வண்ணம் காரணமா, வெளியிட்ட நாள் காரணமா என்று ஆரம்பித்தது, கண்ணதாசன் படம் எடுத்திருக்கவே கூடாது, பாட்டோடு நின்றிருக்க வேண்டும் என்று அயித்தான் சொன்ன இடத்தில் முற்றியது. ஆச்சி பதிலே பேசாமல் ‘தென்றல் வந்து வீசாதோ’ பாட்டை மறுபடி போடச் சொன்னார். போட்டேன். என் கருத்தைக் கேட்டால், கட்டபொம்மன் வசனத்துக்காகவும் சிவகங்கைச் சீமை பாட்டுக்காகவும் பார்க்க வேண்டியவை, ஒன்றை வைத்து மற்றதை அளக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

சின்ன விஷயங்கள் சில. பென் டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் வைத்திருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. மூன்று மணி நேரப் படத்தின் நல்ல பிரதி அதைத் தாண்டிவிடும். பெரிய கோப்புகளை ஏற்கும் எக்ஸ்ஃபேட் (exFAT) முறையைக் கருவி படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். சாய்த்து வைத்துவிட்டு, படத்தின் கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியால் நிமிர்த்தினால் தெளிவு குறைகிறது. ஸ்டூல் வைத்து நேராக்குவதே நல்லது. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் ஓடும், அதிகம் இழுப்பதில்லை. விசிறிச் சத்தம் அமைதியான காட்சிகளில் கேட்கும். எங்கள் வீட்டில் அமைதியான காட்சி என்று ஒன்று அமைந்ததில்லை.

கிரிக்கெட்டுக்கும் பகல் நேரத்துக்கும் வேண்டும் என்பவர்கள் இந்த விலையில் எதையும் தொடாமல் நல்ல டி.வி.யாக வாங்குங்கள். ராத்திரியில் நாலு பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பழைய படம் போட வேண்டும் என்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானின் ரப்பர் தேய்ந்து இரண்டாவது ரிமோட் வாங்கியாயிற்று; மற்றப் பொத்தான்கள் எல்லாம் புதிதாகவே இருக்கின்றன. அந்த மாடலுக்கான ரிமோட் இருநூற்றைம்பது ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கிறது. கருவி வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள், மாடல் நின்றுவிட்டால் கிடைக்காது.