நத்தைக்கு டி.என்.ஏ. பரிசோதனை: கொடுத்த காசுக்குத் தகுமா?

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு தாமரைத் தொட்டிகள் உள்ளன. வளர்ப்பு மீன் கடையில் வாங்கிய வேலம்பாசியோடு வந்த விரல்நகம் அளவு நத்தைகள் இரண்டே மாதத்தில் அவற்றை நிறைத்துவிட்டன. மழைக்காலத்தில் தொட்டி வழிந்தால் தண்ணீர் தெருக் கால்வாய்க்குத்தான் போகும். அங்கிருந்து ஏரிக்குப் போக எவ்வளவு நேரம்? இவை நம் ஊர் நத்தைகளா, வெளிநாட்டு வரவா என்றறிய, சென்னையிலுள்ள ஒரு தனியார் ஆய்வகத்தின் டி.என்.ஏ. பார்கோடிங் (ஒரு மரபணுவின் சிறு பகுதியைப் படித்து இனம் காணும் முறை) சேவையை நாடினேன்.

முதல் முயற்சி வீணானது. மாதிரியைப் ‘பதப்படுத்தி அனுப்பவும்’ என்று மட்டுமே படிவத்தில் இருந்ததால், உயிரியல் ஆசிரியராக இருந்த பழைய வழக்கப்படி ஃபார்மலினில் போட்டு அனுப்பினேன். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், 95 சதவீத எத்தனாலில் அனுப்பியிருக்க வேண்டும் என்பது கட்டணம் போன பிறகே தெரிந்தது. படிவத்தில் ஒரு வரி சேர்க்க என்ன செலவாகிவிடும்?

இரண்டாம் முறை செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. நத்தையின் வழவழப்பிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அதைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும் என்பதால், பாதத் தசையில் சிறு துண்டை மட்டும் எடுத்து, சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, விலங்கினங்களை அடையாளம் காண உதவும் சி.ஓ.ஐ. மரபணுப் பகுதியின் 658 எழுத்துகளையும் தெளிவாகப் படித்துத் தந்தார்கள்.

அறிக்கைதான் குழப்பியது. ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய ஒரே விழுக்காட்டில் பைசா அக்யூட்டா, பைசெல்லா அக்யூட்டா, பைசெல்லா ஹெட்டரோஸ்ட்ரோஃபா என மூன்று பெயர்களை அடுக்கியிருந்தார்கள். தொட்டியில் மூன்று இனங்கள் இருப்பதாகவே நினைத்தேன். உண்மையில் மூன்றும் ஒரே நத்தை. முதல் இரண்டும் ஒரே இனத்தின் இரு பெயர்கள்; ஹெட்டரோஸ்ட்ரோஃபா, இணைசேர்த்துப் பார்த்த ஆய்வுகளுக்குப் பின் 2002-இல் அதே இனத்தோடு சேர்க்கப்பட்டது. 1805-இல் பிரான்சின் கரோன் ஆற்றிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டாலும், இதன் தாயகம் வட அமெரிக்கா. இந்த விளக்கத்தை நானே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. (பைசா என்ற நத்தைப் பெயருக்கும் நம் காசுக்கும் உறவில்லை.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓட்டின் கூர்முனை மேலாகவும் அதன் வாய் (நத்தை வெளிவரும் திறப்பு) நம்மைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால், இந்த நத்தைக்கு வாய் இடப்பக்கம் இருக்கும், மூடியும் இராது. நம் வயல் நத்தைக்கு வாய் வலப்பக்கம், கெட்டியான மூடியும் உண்டு. ஆகவே இதற்கு ஒரு கைலென்ஸே பெரும்பாலும் போதும். முட்டையோ உடைந்த ஓடோ மட்டும் கிடைக்கும்போதும், ஆப்பிள் நத்தைக் குஞ்சுகளை இனம் பிரிக்கும்போதும்தான் இந்தச் செலவு நியாயமாகும். அங்கும் ‘நூறு சதவீதத் துல்லியம்’ என்ற விளம்பரத்தை ஏற்க வேண்டாம்: சி.ஓ.ஐ. மரபணு தாய்வழியாக மட்டுமே வருவதால், பொமேசியா கனலிகுலேட்டா, பொமேசியா மாகுலேட்டா என்ற இரு ஆப்பிள் நத்தை இனங்கள் கலந்து பிறந்த குஞ்சை அது தாயின் இனமாகவே காட்டும்.

அனுப்புவோர் மாதிரியின் ஓட்டைத் திருப்பித் தருமாறு படிவத்திலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை, கேட்டபோது எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.