பச்சை விளக்கும் எஃகுக் குவளையும்: விருந்துக்கென வாங்கிய இரண்டு பொருள்கள்

வீட்டு விருந்தில் மது பரிமாறுகிறவருக்கு, வந்தவர்கள் பத்திரமாகத் திரும்பிப் போவதிலும் பொறுப்பு உண்டு என்ற எண்ணத்தில் ஓராண்டுக்கு முன் இரண்டு பொருள்களை வாங்கினேன். ஒன்று, ஊதும் மூச்சைக் கொண்டு மதுவின் அளவைக் காட்டும், உள்ளங்கையில் அடங்கும் பிரீத் அனலைசர் கருவி. மற்றொன்று, ஒரு பக்கம் 30 மில்லியும் மறுபக்கம் 60 மில்லியும் கொள்கிற, இடை சிறுத்த எஃகு அளவுக் குவளை. மதுக்கூடங்களில் இதை ஜிகர் என்பார்கள். முன்னதைப் பல நாள் ஆராய்ந்து வாங்கினேன். பின்னதை ஒப்புக்குக் கூடையில் சேர்த்தேன். ஐந்து விருந்துகள் முடிந்த நிலையில் என் மதிப்பீடு தலைகீழாகிவிட்டது.

கருவியின் தொழில்நுட்பத்தில் குறை சொல்வதற்கில்லை. ஊதும் காற்றிலுள்ள எத்தனால் பிளாட்டின மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிறக்கும் சிறு மின்னோட்டத்தை அளந்து, இரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கும் என்று கணக்கிடுகிற எரிபொருள் கல உணரி இதில் உள்ளது. மலிவான கருவிகளில் இருக்கும் குறைகடத்தி உணரி அசிட்டோன் போன்ற பிற ஆவிகளிடமும் ஏமாந்துபோகும் என்பதால் இந்த வகையையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் 2,100 மில்லி மூச்சுக்காற்றில் உள்ள ஆல்கஹால் 1 மில்லி இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற சராசரியை வைத்தே இந்தக் கணக்கு நடக்கிறது. அந்த விகிதமோ ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. அப்படியிருந்தும் திரையில் மூன்று தசம இடங்கள் வரை எண் வருவதால், தராசில் நிறுத்துச் சொன்னது போன்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

என் பெரிய மனக்குறை அந்தத் திரையின் ஓரத்தில் எரியும் பச்சை விளக்கு. 0.05 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. முதல் விருந்திலேயே, அடுத்தடுத்து இரண்டு பெக்கை வேகமாகக் குடித்து முடித்த நண்பர் ஒருவர், கையேடு சொன்னபடி கால் மணி நேரம் காத்திருந்து ஊதினார். 0.038 என்று வந்தது. “பாருங்கள், கருவியே அனுமதி கொடுத்துவிட்டது” என்று சாவியைக் கையில் எடுத்தார். வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னபோது, இடையில் ஒரு மிடறும் குடிக்காத அவருக்கு 0.061 காட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியை என்னிடம் தந்துவிட்டு வாடகைக் காரில் போனார்.

இது கருவியின் பிழையன்று. குடித்த மது இரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கையேடு சொல்லும் 15 நிமிடக் காத்திருப்பு, வாயில் தங்கிய மது கலைவதற்கு மட்டுமே. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் எங்கும் சொல்லாமல், ஏறிக்கொண்டிருக்கும் எண்ணுக்குப் பச்சை விளக்குக் காட்டுவது பொறுப்பான வடிவமைப்பு ஆகாது. அதற்கு அடுத்த விருந்தில் வேறொரு தொல்லை: யாருக்கு எண் பெரிது என்று இரண்டு பேர் போட்டி போட்டுக் குடிக்கத் தொடங்கினார்கள். அன்றோடு கருவி மேசையிலிருந்து இழுப்பறைக்குப் போய்விட்டது.

அது பயன்பட்ட ஒரே இடம் மறுநாள் காலை. நள்ளிரவில் குடிப்பதை நிறுத்தி, நன்றாகத் தூங்கி, குளித்து, காபியும் குடித்த ஒருவருக்குக் காலை 7 மணிக்கு 0.031 வந்தது. உடல் மணிக்குச் சுமார் 0.015 சதவீதத்தைத்தான் குறைக்கிறது. காபியோ குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்துவதில்லை. ஆக, ஒருவரைப் போக வேண்டாம் என்று தடுக்க இக்கருவியை நம்பலாம்; போகலாம் என்று அனுப்பிவைக்க நம்பக் கூடாது.

ஜிகரின் கதை வேறு. வாங்கிய அன்று, வாய் அகன்ற கண்ணாடிக் குவளையில் கண்மதிப்பாக 30 மில்லி தண்ணீரை மூன்று முறை ஊற்றி அளந்து பார்த்தேன்: 44, 51, 38. இத்தனை ஆண்டுகளாக ஒரு பெக் என்று சொல்லி விருந்தினருக்கு ஒன்றரை பெக் கொடுத்திருக்கிறேன்! அளந்து ஊற்றத் தொடங்கிய பிறகுதான் கணக்கு என்ற ஒன்றே சாத்தியமாயிற்று. 42.8 சதவீத விஸ்கி 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராமும், 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராமும் இருக்கின்றன. “பீர்தானே” என்று சொல்பவரிடம் நான் இப்போது இந்த எண்களைச் சொல்வதுண்டு. கருவியோடு வந்த செயலியோ ‘எத்தனை டிரிங்க்’ என்று மட்டும் கேட்கிறது. ஒரு டிரிங்க் என்பது ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம்; எந்தக் கணக்கு என்று அது சொல்வதில்லை.

ஜிகர் கையில் இருந்தால் பாதி குடித்த குவளையில் மேலும் ஊற்றி நிரப்பும் பழக்கமும் தானாக நின்றுவிடுகிறது. குவளை காலியாக வேண்டும், அளக்க வேண்டும், அதற்குள் தண்ணீரோ சாப்பாடோ எடுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. குறை என்றால், உட்புறக் கோடுகள் மங்கல். விளிம்பு வரை நிரப்பினால் கை சற்று ஆடினாலும் சிந்தும்.

ஜிகருக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். கருவிக்கு ஐந்துக்கு இரண்டு. அதையும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உணரி நாளடைவில் தளர்வதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளவுத் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்த வசதியை விற்பவரே செய்து தருகிறாரா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, இப்போது திரையில் அந்த நினைவூட்டல்தான் மின்னிக்கொண்டிருக்கிறது.