உள்ளரங்கக் கால்பந்து: புதிய பருவத்தின் ஆட்ட அட்டவணை

பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொடரான என்எஃப்எல் பருவம் பிப்ரவரியில் முடிந்தபின், மார்ச்சில் தொடங்கும் அமெரிக்காவின் இன்டோர் ஃபுட்பால் லீக் என்ற உள்ளரங்கத் தொடர் ரசிகர்களுக்குப் பெரும் ஆறுதல். 50 கெஜ நீள ஆடுகளத்தில் அணிக்கு எட்டுப் பேர் மோதும் அந்த வேகத்துக்காகவே இதை நான் விரும்புகிறேன். பெரும்பாலான ஆட்டங்கள் வார இறுதியில் வருவது குடும்பத்தோடு செல்ல வசதியானது.

ஆனால் அட்டவணையில் நேரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கோடைக்காக மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்; அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி அப்படி மாற்றுவதில்லை. ஆகவே விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அரிசோனாவில் இருக்கும் ராட்லர்ஸ் அணி ரசிகருக்கு மாலை 6 மணி, அதன்பின் 5 மணி. பழைய கணக்கிலேயே தொலைக்காட்சி முன் அமர்பவர் ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தை இழந்துவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே எந்த ஊர் நேரம் என்று அச்சிட்டிருக்கும் அட்டவணையையே வைத்துக்கொள்ளுங்கள்.